ஒரே வெளிச்சத்துக்கு இரண்டு பதில்

பாளையங்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் மாடியில், ஜன்னலே இல்லாத அறையில், பதினேழு வருஷமாகப் பார்வைச் சோதனை எடுத்தபடி இருட்டோடு குடும்பம் நடத்தி வந்தாள் ஹெப்சிபா. நோயாளி தாடையை ஊன்றி, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுவிளக்கையே பார்க்க வேண்டும். ஓரங்களில் வெளிச்சப் புள்ளி மின்னும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். பார்வை போன இடங்களைக் கருவி தாளில் கறுப்பாக அச்சடித்துத் தரும். மற்றவர்களுக்கு அது ஃபீல்டு டெஸ்ட். ஹெப்சிபாவுக்கு அது மனிதர்களின் தலையெழுத்து!

அன்று வந்த தாள் மதாருடையது. மேலப்பாளையத்துக்காரர், ஐம்பத்திரண்டு வயது, இருபத்தாறு வருஷமாகத் திருச்செந்தூர் தடத்தில் தனியார் பஸ் ஓட்டுபவர். கண்ணில் நீரழுத்தம் கூடியிருக்கிறது என்று ஒரு முகாமில் சொல்லிவிட, ஓட்டலாமா கூடாதா என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்லியிருந்தார் முதலாளி.

தாளில் பாதி கறுத்துக் கிடந்தது.

"இனி பஸ்ஸத் தொடக் கூடாது சிஸ்டர். லெட்டர் எழுதிடுதேன்" என்று பேனாவைத் திறந்தார் இளம் டாக்டர் எஸ்றா.

ஹெப்சிபா தாளை விடவில்லை.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர். மங்கலான புள்ளியப் பாத்திருக்காரு. அதே இடத்துல பிரகாசமான புள்ளிய விட்டிருக்காரு. ஒரே வெளிச்சத்துக்கு ஒரு தடவ ஆமா, மறு தடவ இல்லைங்காரு. பார்வை செத்த இடம் இப்படிப் பேசாது."

"நோய் தொட்ட இடமும் தடுமாறும்லா?"

"தடுமாறும். ஆனா அந்த இடம் மட்டும் தடுமாறும். இவருக்கு மொத்தமும் தடுமாறுது. நல்லா இருக்கவேண்டிய நடுப்பகுதிகூட."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "தப்பாப் போனா யார் பொறுப்பு?"

"நான்."

அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஆறு வருஷக் கண்ணீர் இருந்தது. ஆறு வருஷம் முன்பு, வள்ளியூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரின் தாளை, சந்தேகம் உறுத்தியும், வாய் திறக்காமல் மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தாள். பார்வை போய்விட்டதென்று நம்பி அந்த மனிதர் டிராக்டரை விற்றார். பிறகுதான் தெரிந்தது, தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு சோதனைக்கு வந்திருந்தார் என்பது. கண்ணில் பழுதே இல்லை. அன்று முதல், சந்தேகத்தை விழுங்குவதில்லை என்று வைராக்கியம் எடுத்தவள் ஹெப்சிபா.

வெளியே பெஞ்சில் மதாரும் அவர் மனைவி ஜுபைதா பீவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாய், காலையில என்ன மாத்திரை போட்டிய?"

"ஒண்ணும் போடலயேம்மா."

"அல்லா பாத்துக்கிட்டிருக்கான், ஏன் பொய் சொல்லுதிய மச்சான்?" ஜுபைதா வெடித்தாள். "நேத்துல இருந்து ஒரே தும்மல்க்கா. தலைய அசைக்கக் கூடாதுன்னு செவத்துல எழுதிப் போட்டிருக்கியள்லா? அந்தச் சட்டிக்குள்ள தும்மிட்டார்னா எல்லாம் கெட்டுப்போயிருமேன்னு, சளி மாத்திரைய ஒண்ணுக்கு மூணாக் குடுத்துட்டேன்."

"தூங்குத மாத்திரை போடுதான்னு முதலாளி காதுக்குப் போனா என்னாவுறது?" மதார் தலையைக் குனிந்துகொண்டார்.

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"பாய், கண்ணு வெளிச்சத்த வாங்கிக் குடுக்கும். அதப் படிக்கிறது மூளையோட பின்பக்கத்துல இருக்குற செல்லுங்க. ஒரே வெளிச்சத்துக்கு அதுங்க ஒரே பதிலச் சொல்லணும்னா, மூளையில சில ரசாயனம் சரியான அளவுல சுரக்கணும். அசிட்டைல்கோலின்னு ஒண்ணு, முழிப்பா வைக்குற ஹிஸ்டமின்னு ஒண்ணு. நீங்க போட்ட மாத்திரை அந்த ரெண்டையும் அமுக்கிடுச்சு."

மதார் யோசித்தார். "அப்போ மூளைங்குற கண்டக்டர் தூங்கி வழியுதாங்கிய. பஸ்ஸுல ஆள் அப்படியேதான் இருக்கு. அவன் தலைய எண்ணும்போதெல்லாம் கணக்கு மாறுது."

"அதேதான்!"

சளி நின்று, மாத்திரை உடம்பைவிட்டுப் போகட்டும் என்று டாக்டர் ஒரு வாரம் தவணை கொடுத்தார். ஏழு நாளும் மதார் வீட்டில் சோறு இறங்கவில்லை என்று ஜுபைதா பிறகு சொன்னாள்.

சனிக்கிழமை காலை. மதார் தாடையை ஊன்றினார். கருவி ஓடத் தொடங்கியதும் 'டக், டக்' என்று பொத்தான் பறந்தது. வெளிச்சம் வருமுன்பே அமுக்கினார். வராதபோதும் அமுக்கினார். ஹெப்சிபா கருவியை நிறுத்தினாள்.

"பாய், இப்பம் தூக்கம் இல்ல, பயம். பயந்தா நார்அட்ரினலின்னு ஒண்ணு ஊறும். கொஞ்சம் ஊறுனா பார்வை கூர்மையாகும். அளவு மீறுனா குழப்பிரும்."

"பயம் இருக்காதா யம்மா?" இருட்டில் அவர் குரல் உடைந்தது. "ஸ்டியரிங்கு போச்சுன்னா மதார்னு ஒருத்தன் எங்க இருக்கான்? பெஞ்சுல உக்காந்திருக்காளே, அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

ஹெப்சிபா பேச்சை மாற்றினாள். "தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் ஸ்பெஷல் ஓட்டுவியளா?"

"வருஷம் தவறாம."

"ரோடு முழுக்க வேஷம் கட்டுன கூட்டமா இருக்குமே. எதப் பாத்து ஓட்டுவிய?"

"எதையும் தேட மாட்டேன்மா. தேடுனா தொலைஞ்சோம். நேரா பாத்துக்கிட்டு, மூச்ச பைய விட்டுக்கிட்டுப் போவேன். காளி வேஷம் கட்டுனவன் ஓரத்துல இருந்து குறுக்க விழுந்தாலும், அதுவாத் தெரியும்."

"அதையேதான் இங்கனயும் செய்யச் சொல்லுதேன்."

மதார் மெல்லச் சிரித்தார். பெருமூச்சு ஒன்று விட்டு மறுபடி தாடையை ஊன்றினார். இப்போது பொத்தானின் ஓசை நிதானமாக, தேர்ந்த ஓட்டுநர் கியர் மாற்றுவதுபோல் வந்தது. ஹெப்சிபா சில இடங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்!

தாளை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினாள். இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி தெளிந்திருந்தது. வலது கண்ணில், மூக்குப் பக்கம் மேலே மட்டும் சிறு கறுப்பு.

"இது?" என்றார் எஸ்றா.

"அது நிஜம் டாக்டர். ரெண்டு தாள்லயும் அதே இடத்துல இருக்கு. நோய் ஆரம்பிச்சிருக்கு."

டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு பஸ் ஓட்டலாம் என்றும், தினமும் சொட்டு மருந்து விட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வரவேண்டும் என்றும் எழுதினார்.

கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட மதார், "அந்தக் கறுப்பச் சொல்லாம விட்டிருக்கலாம்லாம்மா?" என்றார் பாதி விளையாட்டாக.

"மறைச்சிருந்தேன்னா, மிச்சமெல்லாம் நல்லாருக்குன்னு நான் சொன்னத எப்படி நம்புவிய?"

மதார் விம்மிவிட்டார். கீழே மருந்துக்கடையில் வாங்கி வந்த குப்பியை ஜுபைதா அந்தப் பெஞ்சிலேயே திறந்தாள். அவர் முகத்தை நிமிர்த்தி முதல் சொட்டை விட்டாள்.

"அழாதிய மச்சான், மருந்தெல்லாம் வெளிய போவுது."