பெருவெயில் நகுலேஸ்வரன்

நிரஞ்சலா கியூபெக்கில், டோர்வல் விமான நிலையத்தில் ஆறு வருஷம் விமானங்களுக்குள் குப்பை பொறுக்கினவள். முதுகு விட்டுப்போக, 2005இல் டொக்டர் மூன் என்ற கொரியக்காரரின் வைத்தியசாலையில் வரவேற்பு மேசைக்கு வந்தாள்.

மூன் நோயைப் பார்க்குமுன் ஆளைப் பார்ப்பார். மனிதர் நாலு வகை என்பது அவர்களுடைய வைத்தியம். தமிழ் ஆட்களுக்கு விளங்க நிரஞ்சலாவே பெயர் வைத்தாள்: பெருவெயில், சிறுவெயில், பெருநிழல், சிறுநிழல். தோள் அகலமா இடுப்பு அகலமா, வேர்த்தால் சுகமா களைப்பா, கோபம் வந்தால் கத்துவாரா உள்ளே வைத்துப் புழுங்குவாரா என்று மூன் ஒரு மணித்தியாலம் விசாரிப்பார். அதற்குப் பிறகும், "இன்னும் இரண்டு தரம் பார்க்கவேணும்" என்றுதான் சொல்வார்.

நகுலேஸ்வரனுக்கு ஒரு தரமே போதுமாயிருந்தது. வயிற்று எரிவுக்கென்று வந்தவர், காத்திருந்த நேரத்தில் சுவரில் தொங்கிய நாலு வகை ஆட்களின் படத்தைப் பார்த்தே பண்டிதராகிவிட்டார். அடுத்த கிழமை கோயில் அன்னதான வரிசையில் நின்று சனத்தைத் தரம் பிரித்தார்.

"பிள்ளை, நீர் சிறுநிழல். பயந்த பிறவி. மேசைக்குப் பின்னாலை இருக்கத்தான் சரி" என்றார் நிரஞ்சலாவிடம்.

தான் மட்டும் பெருவெயிலாம். ஆயிரத்தில் ஒருத்தர், ஆளப் பிறந்தவர். பெருவெயிலுக்குக் குளிர்ச்சிதான் ஆகும் என்று வீட்டில் மனைவி இந்திராதேவியை மூன்று வேளையும் வெள்ளரிக்காய் வெட்ட வைத்தார்.

நகுலேஸ்வரனை மூன்றாம் தரம் பார்த்துவிட்டு மூன் அவருடைய அட்டையில் எழுதினார்: சிறுநிழல். குளிர்ந்த வயிறு, ஓயாத கவலை. இஞ்சியும் சுடுசாப்பாடும் வேண்டும்.

நகுலேஸ்வரன் மேசையில் கையை ஊன்றினார். "பிள்ளை, அட்டையிலை பெருவெயில் எண்டு மாத்திவிடும்."

"டொக்டர் எழுதினது, அண்ணை."

"அவருக்கு எங்கட உடம்பு விளங்காது. நீர் தமிழ்ப் பிள்ளைதானே?"

ஆளப் பிறந்தவர் ஒரு துண்டு மட்டைக்குக் கெஞ்சிக்கொண்டு நின்றார். விமானக் கழிவறைகளைக் கழுவினபோதுகூட நிரஞ்சலாவுக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

"ஏலாது" என்றாள்.

கொரியனுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நோயாளியின் சங்கதியை வெளியில் கதைக்கக்கூடாது என்பதால் அவள் வாயைத் திறக்கவில்லை. பெப்ரவரிக் குளிரில் வெள்ளரிக்காயும் ஐஸ் தண்ணீரும் ஆளைக் கவிழ்த்துப்போட்டன. இந்திராதேவிதான் தொலைபேசி எடுத்தாள்.

"தங்கச்சி, அந்த இஞ்சி மருந்து எடுக்கலாமே? ஆருக்கும் சொல்லவேண்டாமாம்."

"ஓம் அக்கா. செவ்வாய் பத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு வந்து குந்தினார். உள்ளே மருந்து கட்டி முடியவில்லை; அதற்குள் பக்கத்தில் இருந்த கியூபெக் கிழவியின் தோளை அளந்து, அரைகுறைப் பிரெஞ்சில் அவளுடைய குணத்தை விளக்கத் தொடங்கிவிட்டார். நிரஞ்சலா அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டாள்.