பாளையங்கோட்டையில் பாதி வாக்கியப் போட்டி

'தை, வெள்ளிக்கிழமை. பாளையங்கோட்டை. ஜெயித்துவிட்டோம்! பெரியப்பா பேசவே இல்லை.'

என் ஆறாம் வகுப்பு ஆங்கில இலக்கணப் புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறேன். ஆண்டைக் குறிக்கவில்லை. ஆனால் பேருந்தில் எனக்கு அரை டிக்கெட் எடுத்த கடைசி வருடம் அது. ஆகவே 1994 என்று கொள்கிறேன்.

அக்கா என்று நான் சொல்வது பெரியப்பாவின் மகளை. முக்கூடலில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவள் பத்தாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் பள்ளிகளுக்கிடையே நடந்த ஆங்கிலப் போட்டியில் பெரிய வகுப்பில் ஒருத்தி, சின்ன வகுப்பில் ஒருத்தி என்று இருவர் சேர்ந்து ஓர் அணி. எதிரணி பிகாஸ், ஆல்தோ, அன்டில் மாதிரி ஒரு சொல்லில் தொடங்கிப் பாதி வாக்கியம் சொல்லும். மணி அடிப்பதற்குள் நாங்கள் அதை அர்த்தம் பொருந்த முடிக்க வேண்டும்.

பெரியப்பா வாக்குக் கொடுத்தார்: "இவ ஜெயிச்சிட்டு வந்தான்னா பாளையங்கோட்டை ஹாஸ்டல்ல சேத்துப் பிளஸ் டூ படிக்க வைக்கேன். இல்லன்னா பத்தோட போதும்."

நான் துள்ளிக் குதித்தேன். அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாவுக்கு மூச்சிழுப்பு. அந்த வீட்டு அடுப்பும் கடைக்குட்டித் தம்பியும் அக்காவின் பொறுப்பில்தான்.

எனக்கு இந்தப் பாதி வாக்கியம் பிடிபட்டது ஆற்றில். துவைத்துக்கொண்டே அக்கா, "பிகாஸ் ஐ ஆம் ஹங்க்ரி" என்றாள். பிறகு பாவாடையைப் பிழிய ஆரம்பித்துவிட்டாள்.

"சரி, பசிச்சதனால? என்ன செஞ்ச?"

"ஒண்ணுஞ் செய்யல. அவ்வளவுதான்."

"மீதியச் சொல்லுக்கா!"

"ஏன்ட்டி இந்தக் குதி குதிக்க?"

குதித்தவள் அப்படியே நின்றேன். இதுதானே விஷயம்! 'ஐ ஆம் ஹங்க்ரி' என்று சொல்லியிருந்தால் நான் எதையும் கேட்டிருக்க மாட்டேன். முன்னால் ஒரு பிகாஸ் வந்து ஒட்டியதும், தன் காலில் நின்ற வாக்கியம் இன்னொன்றின் தோளைத் தேட ஆரம்பித்துவிடுகிறது. மீதி எங்கே என்று கேட்கத் தோன்றினால் அது பாதி. இன்னொன்றும் அந்த இடத்திலேயே விளங்கியது. 'வந்தால்', 'வந்தாலும்', 'வரும்வரை' என்று நாம் சொல்லின் வாலில் வைப்பதை அவர்கள் வாக்கியத்தின் தலையில் வைத்துவிடுகிறார்கள்! நான் போட்ட கூச்சலில் அடுத்த படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள், யாரோ ஆற்றில் விழுந்துவிட்டதாக நினைத்து ஓடிவந்தார்கள்.

போட்டியன்று பெரியப்பா வெள்ளை வேட்டி கட்டிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மணி அடிக்கும் ஆசிரியையின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரணிப் பெண் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "முக்கூடலா? அங்க பீடிதான சுத்துவாங்க?"

"சுத்தி நூலப் போட்டுக் கட்டவும் செய்வோம்," என்றாள் அக்கா. "வாயக் கட்டணும்னாச் சொல்லு."

இறுதிச் சுற்று வரை ஓடினோம். கேட்ட மாத்திரத்தில் அக்கா முடித்தாள். இங்கே எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வயலில் பிசானப் போகத்து நெற்பயிர் நிற்கும்போது ஆறு வற்றும், பயிர் கருகும் என்றெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. தப்பித் தவறிக் காதில் விழுந்தால்கூட ஒரு நல்ல வார்த்தை சொல்லி மூட வேண்டும். அந்தத் தை மாதம் கதிர் பால் பிடிக்கும் பருவம். வாய்க்காலிலோ கணுக்கால் தண்ணீர்தான்.

எதிரணிப் பெண், "ஆல்தோ த ரிவர் இஸ் டிரை" என்றாள். ஆறு வற்றினாலும். அக்கா உடனே, "த வெல் இஸ் ஃபுல்" என்று கிணற்றை நிரப்பி மூடினாள். கைதட்டல்!

இரு அணிகளும் சமம். கடைசிக் கேள்வி. அதே பெண் சிரித்துக்கொண்டே ஒரு சொல்லை மட்டும் மாற்றினாள்: "பிகாஸ் த ரிவர் இஸ் டிரை."

ஆல்தோவுக்குப் பின்னால் நல்லதைச் சொல்லலாம். ஆறு வற்றியதால் என்ற பிறகு எந்த நல்லதைச் சொல்வது? அக்கா வாய் திறக்கவில்லை. முழங்கையால் இடித்தேன், அசையவில்லை. ஆசிரியையின் கை மணிக்குப் போனது. பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"த பேடி இஸ் டெட்!" என்று நெல்லைச் சாகடித்துக் கத்தினேன்.

அரங்கமே தட்டியது. கோப்பையை நான்தான் வாங்கினேன்.

திரும்பும் பேருந்தில் பெரியப்பா கேட்டார்: "கடைசியா என்னளா சொன்ன? அம்புட்டுத் தட்டுத் தட்டுனாவ!"

உற்சாகத்தில் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். ஆறு வத்திட்டதால நெல்லு செத்துப் போச்சு. அவர் முகம் மாறியது. "நல்ல வார்த்த சொல்லுளா," என்றவர், ஊர் வரும்வரை பேசவில்லை. அக்கா மறுபக்க ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நெல் செத்ததாகச் சொன்னதுதான் கோபம் என்று நினைத்தேன்.

அந்தப் போகம் குறைவில்லாமல் விளைந்தது. பெரியப்பா சொன்ன சொல் மாறவில்லை. ஆனி மாதம் அக்காவின் டிரங்குப் பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். படுக்கையை நான் சுமந்து போய், சந்தோஷத்தில் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். பெரியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்; அக்கா இரண்டு முறை வண்டியிலிருந்து இறங்கி ஏறினாள். எதையோ மறந்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த மேடையில் அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று வளர்ந்த பின் இருமுறை கேட்டிருக்கிறேன். முதல் முறை, "பயிரு நிக்கும்போது அதெப்படிட்டி சொல்ல?" என்றாள். பெரியம்மா காலமான வருடம் மறுபடி கேட்டபோது, "அம்மைய விட்டுட்டுப் போக எனக்கு மனசு இருந்துச்சுன்னா நினைக்க?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இரண்டில் எது உண்மை என்பதை நான் இன்னும் உறுதி செய்துகொள்ளவில்லை.