எஞ்சினில் போட்ட துளை

"குறைகார்பன் பொருளாதாரத்தை நோக்கித் தன் சமூகத்தை வழிநடத்தும் தொலைநோக்குத் தலைவர். மாற்றத்தின் முன்னோடி. காலநிலைக் களத்தின் குரல்."

காலநிலை நிதியம் ஒன்றின் இணையதளத்தில் அவருடைய படத்துக்குக் கீழே இப்படித்தான் போட்டிருக்கிறது. படத்தில் அவர் மஞ்சள் ஹெல்மெட்டும் கையில் டிரில் மெஷினுமாக, பல் தெரியச் சிரிக்கிறார். ஹெல்மெட் போட்டோகிராபருடையது. சிரிப்பும் ஏறக்குறைய அந்த ஆள் கேட்டு வாங்கியதுதான்.

அவர் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் ஆபரேட்டர். அவர் வழிநடத்திய சமூகம் என்று தேடிப் பார்த்தால், ஒரு டீசல் எஞ்சின், இரண்டு பீப்பாய், ஷெட்டு மூலையில் குட்டி போட்ட ஒரு பூனை. குரல் விஷயத்தில் மட்டும் இணையதளம் பொய் சொல்லவில்லை. எஞ்சினோடு போட்டி போட்டுப் பேசியே பழகியதால், அவர் ரகசியம் சொன்னால்கூட இரண்டு வார்டுக்குக் கேட்கும்.

"புகையண்ணே, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. மயக்க ஊசி போட்டவரு எழுந்து உக்காந்துட்டாரு" என்பார் தலைமை நர்ஸ். புகையண்ணன் என்பதுதான் ஆஸ்பத்திரியில் அவர் பெயர். கார்பனைக் குறைக்கப் பொருத்தமான ஆள்தான்.

அவர் தலைவரான கதை சின்னது. நிதியம் உதவி செய்யும் ஒவ்வொரு இடத்திலும் உள்ளூர்த் தலைவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. பெரிய டாக்டருக்கு நேரமில்லை. மேலாளருக்கு நேரம் இருந்தது. கூடவே, நாளைக்கு ஏதாவது ஆனால் யார் தலை உருளும் என்று முன்கூட்டியே யோசிக்கும் பழக்கமும் இருந்தது. ஆகவே தலைமை மாடியிலிருந்து படியிறங்கி, வராந்தாவைக் கடந்து, பின்பக்கத்து ஷெட்டில் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் வந்து நின்றது.

"நீங்கதான் இனிமே தலைவர்" என்றார் மேலாளர்.

"எதுக்கு சார்?"

"கார்பனுக்கு."

"அது வேணாம்னுதானே சார் சொல்றாங்க?"

"வேணாங்கிறதுக்குத்தான்யா தலைவர்."

பயிற்சி ஒரு ஓட்டல் ஹாலில் நடந்தது. பூமி எப்படிச் சூடாகிறது என்பதை, கையைக் கட்டிக்கொண்டு நடுங்கும் அளவு குளிரூட்டப்பட்ட அறையில் விளக்கினார்கள். நடத்தியவர் நிதியத்தின் இளம் அதிகாரி. நல்ல பெண், பல நாள் தூங்காத முகம். ஒவ்வொருவரிடமும் தொலைநோக்கு என்னவென்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"டேங்க் காலியாகக் கூடாது மேடம்" என்றார் புகையண்ணன்.

ஹாலே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. பலகையில் 'ஆற்றல் பாதுகாப்பு' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

அங்கே சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சங்கடமே அதுதான். அந்த எஞ்சின் புகை குழந்தைகள் வார்டின் ஜன்னலுக்குள்தான் போயிற்று. ஜன்னலை வருஷக்கணக்காகச் சாத்தியே வைத்திருந்தார்கள். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுத்துப்போவதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எஞ்சின் போக வேண்டியதுதான் என்பதில் அவருக்கும் நிதியத்துக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

அவருக்கு இதில் வேறொரு கணக்கு இருந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு டயாலிசிஸ் மெஷின்கள். அதில் ஜன்னலோரத்து மெஷினில் படுப்பவர் அவருடைய அக்கா. ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, வாயை மட்டும் திறந்து வைத்திருந்தார். வாரம் மூன்று முறை ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கரண்ட் தினமும் போகும். டீசல் விலை கட்டுப்படியாகவில்லை. ஆஸ்பத்திரி மூன்றை இரண்டாகக் குறைத்துவிட்டது. அக்காவுக்குக் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியே தூங்க வேண்டியதாயிற்று. நிலைமை இப்படியே போனால் வருஷக் கடைசியில் டயாலிசிஸ் அறையையே மூடிவிடலாம் என்ற பேச்சும் மாடியில் அடிபட்டது.

"என் தம்பி தலைவரா?" என்று அக்கா அடுத்த கட்டில் தையல்காரரிடம் கேட்டார். "வீட்ல கொசுகூட இவன் விரட்டினா போகாது."

நிபந்தனையை மேலாளர் ஷெட்டில் வைத்துத்தான் சொன்னார்.

"மொதத் தவணைல சோலார் பேனல். ரெண்டாந் தவணைல பேட்டரி. ஆனா மொதத் தவணை வரணும்னா இந்த எஞ்சின் செத்திருக்கணும்."

"வித்துடலாமா?"

"வித்தா வேற எங்கயாவது ஓடும்ல? ஓடினா கார்பன் கொறஞ்சதா கணக்குல வராது. பிளாக்ல ஓட்டை போடணுமாம். வெல்டிங் வச்சு அடைக்க முடியாத இடத்துல. தலைவர் கையாலயே. போட்டோ எடுத்து அனுப்பணும்."

"பேட்டரி வர்ற வரைக்கும் இது ஓரமா கெடந்துட்டுப் போகட்டுமே சார்."

"நான் கேக்காமயா இருப்பேன்? அது கொள்கைங்கறாங்க. நடுவுல வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்தாக்கூட ஒப்பந்தம் ரத்து."

மேலாளர் போனபின் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் பேனல் வராது. பேனல் வராவிட்டால் மூன்றாவது முறை வராது. அன்று அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அக்கா மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"போட்டுடு."

"நடுவுல கரண்ட் போச்சுன்னா?"

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்? வாரம் ரெண்டு தடவையை வச்சு எத்தன நாள் ஓட்டுவேன்? எஞ்சினுக்காக அழப்போறியா, எனக்காக அழப்போறியா, நீயே முடிவு பண்ணிக்கோ."

அவர் முடிவு பண்ணினார். ஆயிலை வடித்து, பிளாக்கைத் துடைத்துச் சுத்தம் செய்து, டிரில்லை வைத்தார். முதல் துளை போட்டபோது வெளிச்சம் சரியில்லை என்று போட்டோகிராபர் சொன்னதால் இன்னொன்றும் போட வேண்டியிருந்தது. செத்ததை மறுபடியும் சாகடித்த படம்தான் இணையதளத்தில் இருப்பது.

பேனல்கள் வந்தன. நியாயமாகச் சொன்னால், வேலையும் செய்தன. பகலில் ஆஸ்பத்திரியின் கரண்ட் பில் பாதிக்கும் கீழே இறங்கியது. மூன்றாவது டயாலிசிஸ் திரும்பி வந்தது. குழந்தைகள் வார்டின் ஜன்னலைத் திறந்தார்கள். துருப்பிடித்திருந்ததால் உடைத்துத்தான் திறக்க முடிந்தது. அக்காவின் கால் வீக்கம் வடிந்து செருப்பு நுழைந்தது. ஒருநாள் கடையைத் திறந்து, ஓடாத ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்துவிட்டு வந்தார்.

பேட்டரிக்கான இரண்டாவது தவணையைப் பற்றி ஒரு மாநாடு நடந்தது. நாடு நாடாக எழுந்து வாக்குக் கொடுத்தார்கள். கைதட்டல் உடனே கிடைத்தது. பணம் பின்னால் வரும் என்றார்கள். பிறகு ஒரு நாட்டில் ஆட்சி மாறியது. இன்னொரு நாட்டுக்குக் கவனம் மாறியது. "அடுத்த கூட்டத்துல கண்டிப்பாண்ணா" என்று அதிகாரி போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் அவருடைய வேலை ஒப்பந்தமும் முடிந்து, அந்த எண்ணை வேறு யாரும் எடுக்கவில்லை.

இதற்கிடையில் கரண்ட் போகாமல் இல்லை. போகும், ஆனால் அந்த மாதங்களில் சில நிமிஷத்தில் வந்துவிடும். மெஷின்கள் நிற்காமல் ஓடின. பேனல்தான் தாங்குகிறது என்று மேலாளர் நினைத்தார், நர்ஸ் நினைத்தார், புகையண்ணனும் நினைத்தார். உண்மையில் தாங்கியது மெஷின்களுக்குள் இருந்த சின்ன பேட்டரி. சில நிமிஷத்துக்கு மேல் அதற்குச் சக்தி கிடையாது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. வேலை செய்கிற எதையும் யாரும் சோதிப்பதில்லை.

அந்தக் கோடை பயிற்சியில் காட்டிய வரைபடங்களையே தோற்கடித்தது. ஒரு மதியம் தெருமுனை டிரான்ஸ்பார்மர் சூடு தாங்காமல் வெடித்தது. மின்விசிறிகள் நின்றன. நான்கு மெஷினிலும் ஆள் இருந்தார்கள்.

"மெஷின்ல இருக்கிற ரத்தத்த உடம்புக்குத் திருப்பிடவாண்ணே?" என்று கேட்டார் தலைமை நர்ஸ்.

"எதுக்கும்மா? மேல வெயில் கொளுத்துது. பேனல் இருக்கு. தாங்கும்."

எல்லோரும் காத்திருந்தார்கள். மெஷின்கள் கீச்சிடத் தொடங்கியபோதுதான் பேனல் மாட்டிய எஞ்சினியருக்கு அவர் வெளியே போய் போன் போட்டார்.

"லைன் போச்சுன்னா பேனலும் தானா நின்னுடும்ணே. லைன்ல வேலை பாக்குறவங்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுல்ல? பேட்டரி இருந்தாதான் தனியா ஓடும்."

"வெயில் மண்டையப் பொளக்குதே சார்!"

"வெயில் இருந்து என்னண்ணே."

அவர் உள்ளே ஓடி வந்தபோது மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தன. டயாலிசிஸ் மெஷினின் பம்ப்பைக் கையால் சுற்ற ஒரு கைப்பிடி உண்டு. நிதானமாகச் சுற்றினால் குழாயிலிருக்கும் ரத்தம் உடம்புக்குத் திரும்பிவிடும். தேங்கி நின்றால் உறைந்துவிடும். உறைந்ததைத் திருப்ப முடியாது. தலைமை நர்ஸ் ஒரு மெஷினில் இருந்தார், உதவி நர்ஸ் இன்னொன்றில். மிச்சம் இரண்டு. சுற்றத் தெரிந்தவர் இன்னும் ஒருவர்தான், புகையண்ணன். பழைய நாட்களில் எஞ்சின் கிளம்பத் தாமதமானால் அவரும் வந்து சுற்றியிருக்கிறார்.

"தையல்காரருக்கு ப்ரஷர் இறங்குது, அங்க போங்கண்ணே!" என்று கத்தினார் தலைமை நர்ஸ்.

அவர் போனார். கைப்பிடியை மாட்டிச் சுற்றத் தொடங்கினார். பக்கத்துக் கட்டிலிலிருந்து அக்கா கூப்பிட்டார். "டேய், இங்க வாடா." கொஞ்சம் கழித்து மறுபடியும். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

அவர் அக்காவின் மெஷினுக்கு வந்தபோது குழாயின் நிறம் மாறியிருந்தது. தலைமை நர்ஸ் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்ணே. ரத்தக் கட்டி உள்ள போயிடும்." ஏற்கெனவே ரத்தம் குறைவாக இருந்த உடம்பிலிருந்து ஒரு டம்ளர் ரத்தம், குழாயோடு சேர்ந்து குப்பைப் பைக்குப் போயிற்று.

சாயங்காலம் வராந்தாவில் அக்காவுக்கு அவர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டேனே, கேக்கலியா?"

"கேட்டுச்சு."

"அப்ப சரி" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அதில் கோபம் இருந்ததா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

புது டிரான்ஸ்பார்மர் அந்த வாரம் முழுக்க வரவில்லை. நால்வரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஏற்கெனவே பெரிய வரிசை. தையல்காரருக்கு முறை வந்தது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். அதற்கப்புறம் மேலாளர் ஒரு வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்தார்; நிதியத்திலிருந்து யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதை ஓட்டுவதும் புகையண்ணன்தான்.

அந்த மதியம் அவர் செய்தது இது: பேனல் தாங்கும் என்று சொல்லி நர்ஸைக் காத்திருக்க வைத்தார், பிறகு, அக்கா கூப்பிட்டது தெளிவாகக் கேட்டும், தையல்காரரின் ரத்தம் முழுக்க அவர் உடம்புக்குத் திரும்பும்வரை கைப்பிடியை விடாமல் சுற்றினார்.