புள்ளியில்லாத கடா

ஆடி மாதம் பிறந்தாலே எங்கள் மாமாவுக்குக் கால் வலி வந்துவிடும். அம்மாவின் தம்பி அவர். சந்தவாசலில் பஞ்சர் கடை வைத்திருந்தார். ஆட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அம்மா வேண்டிக்கொண்ட பாவத்துக்கு, வருஷா வருஷம் கடையைப் பூட்டிவிட்டு ஜவ்வாது மலையடிவாரத்தில் ஊர் ஊராகக் கறுப்புக் கடா தேடி அலையும் வேலை அவர் தலையில் விழுந்தது. மற்றவர்கள் பெண் பார்க்கப் போனால் இவர் ஆடு பார்க்கப் போகிறார் என்று ஊரில் கேலி பேசினார்கள்.

அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், சில வருஷம் திரும்பவே இல்லை. அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது. வேலை இன்னும் முடியவில்லை என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் திரும்பி வந்தால் கன்னங்கரேலென்று ஒரு கடா, உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாததாகப் பார்த்து வெட்டுவதாக அம்மா மலையடி அம்மனிடம் நேர்ந்துகொண்டாள். புள்ளி இருக்கக் கூடாது என்று அம்மன் கேட்கவில்லை. அழுத அழுகையில் அம்மாவாகச் சேர்த்துச் சொன்னது.

அப்பா வந்தும் விட்டார். ஒரு மத்தியானம் தோளில் பையோடு வந்து, வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். நான்தான் கொடுத்தேன். அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. அதற்குப் பிறகு அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடமே சொன்னாள். "உங்கப்பாவ துண்ண வர சொல்லு" என்பாள். அப்பா கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். நானும் பொறுப்பாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். எல்லார் வீட்டிலும் இப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

முதல் வருஷம் மாமா கொண்டுவந்த கடாவுக்கு அடிவயிற்றில் ஒரு வெள்ளை. அடுத்த வருஷத்துக் கடாவுக்குக் குளம்புக்கு மேலே. இரண்டையும் கண்டுபிடித்தது அம்மா. "புள்ளி கீது. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று உள்ளே போய்விட்டாள். மாமா அந்தக் கடாக்களை வந்த விலைக்கு விற்றுவிட்டு, மறுபடி பஞ்சர் ஒட்டப் போனார்.

அதற்கு அடுத்த ஆடியில் அவர் மலை மேலேயே ஏறிவிட்டார். ஜமுனாமரத்தூரையும் தாண்டிப் போய், இருட்டையே உருட்டி வைத்ததுபோல் ஒரு கடாவோடு வந்து இறங்கினார். போர் தண்ணீரில் நிற்க வைத்து, ஷாம்பு போட்டு அவரே குளிப்பாட்டினார். ஆட்டு ஞானம் அதற்குள் அவருக்கு முற்றிப் போயிருந்தது. எனக்குப் பாடமே நடத்தினார். நெற்றியில் ஒற்றையாக வெள்ளை இருந்தால் அது சுட்டி. உள்ளங்கை அகலத்துக்கு இருந்தால் மறை. பொடிப்பொடியாக எள் தூவினாற்போல் இருந்தால் பொறி. எட்டி நின்று பார்த்தாலும் உடம்பு முழுக்கப் பரவலாகத் தெரிந்தால்தான் புள்ளி. "போன ரெண்டு கெடாவுக்கும் இருந்தது புள்ளியே இல்ல, தெரியுமா? உங்கம்மாகிட்ட யாரு பேசறது" என்றார். நான் கடா வாடைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எனக்கு வேண்டியது கறிக்குழம்பு.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். அம்மா பொங்கல் வைத்து இறக்கிவிட்டு வந்து கடாவின் பக்கத்தில் குந்தினாள். காது மடலை விரித்துப் பார்த்தாள். வாலைத் தூக்கிப் பார்த்தாள். குளம்பு இடுக்கில் பார்த்தாள். முதுகு மயிரைப் பேன் பார்க்கிற மாதிரி விலக்கி விலக்கிப் பார்த்தாள். கறுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. மாமாவின் முகத்தில் சிரிப்பு வந்த நேரத்தில், அம்மா கடாவின் வாயைப் பிளந்தாள்.

"நாக்குல புள்ளி கீது."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னாக்கா இது? நாக்குல இருக்கறதெல்லாம் புள்ளியா? தோல்ல இருந்தாதான்க்கா புள்ளி. பூசாரி, நீங்களே சொல்லுங்க."

பூசாரிக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுக் கடா காத்திருந்தது. அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "யாரு நேர்ந்துக்கினது?" என்றார்.

"நான்தான்."

"அப்ப நீதாம்மா சொல்லணும். உன் மனசுக்கு அது புள்ளியா, இல்லியா?"

அம்மா கடாவைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் வந்த நாளிலிருந்து அவள் அப்படி நேருக்கு நேர் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு சொன்னாள், "புள்ளிதான்."

மாமா வாய் திறப்பதற்குள் அப்பா வந்து கயிற்றை எடுத்துக்கொண்டார். "உடு மச்சான். அது சொன்னா புள்ளிதான்" என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார்.

இப்போது எனக்கு அம்மாவின் அன்றைய வயது. கணியம்பாடியில் வேலை முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து உலை வைக்கிறபோது சில நாள் அவள் நினைப்பு வரும். கடாவை வெட்டிவிட்டால் கடன் தீர்ந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊரே சொல்லும். ஒருவரை மன்னிக்கவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு மிஞ்ச வேண்டும். அவளுக்கு மிஞ்சவில்லை. பாவம், அதை வேறு எப்படிச் சொல்வாள்.

அன்று கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்தோம். கடாவை இழுத்துக்கொண்டு அப்பா முன்னால் போனார். மாமா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கோ பின்னால் வந்தார். அம்மா பொங்கல் பானையை இடுப்பில் வைத்திருந்தாள். கறி போன ஆத்திரத்தில் நான் வழியில் கிடந்த கல்லையெல்லாம் எட்டி உதைத்துக்கொண்டு வந்தேன்.

"அடுத்த வருசம் மாமாகூட நானும் போறேம்மா. நாக்கெல்லாம் பாத்து, புள்ளியே இல்லாத கெடாவா புட்சினு வர்றேன்" என்றேன்.

"நீ எங்க தேடி இட்டாந்தாலும் எனக்கு ஒரு புள்ளி ஆப்டும்" என்றாள் அம்மா.

அப்பா காதில் விழுந்திருக்க வேண்டும். நின்று, நாங்கள் வரும்வரை காத்திருந்து, பானையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அம்மா தரவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கள் அம்மாவுக்கு இருக்கிற கண் கூர்மை இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே யாருக்கும் கிடையாது என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டேன்.