பொட்டுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

இது நடந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். நான் மலேசியாவின் ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா, வீடு புந்தோங்கில். முதன்முதலாக ஒரு கார் வாங்கியிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த கார்தான். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல் ஊர் போகும் முதல் ஆள் நான்தான் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாம் மாதமே, சுங்கை சிப்புட் போகும் வழியில், ரப்பர் ஏற்றிக்கொண்டு முன்னால் போன கித்தா லோரி சட்டென்று நின்றது. நான் சட்டென்று நிற்கவில்லை. பம்பர் மடங்கி, இடது பக்க மட்கார்டு உள்வாங்கிவிட்டது. யாருக்கும் காயமில்லை. லோரிக்காரர் இறங்கி வந்து தன் வண்டியைத் தடவிப் பார்த்தார், என் காரைப் பார்த்துச் சிரித்தார், போய்விட்டார். நானே சுத்தியலால் தட்டி ஓரளவு நிமிர்த்திக்கொண்டேன். என் கவலையெல்லாம் மாமியார் காதுக்கு இது போகக்கூடாது என்பதுதான். ஏற்கெனவே, "மாப்பிள்ள ஓட்டுனா நான் பஸ்லயே வாரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

சில நாளில் மீட்டரில் பிரேக் விளக்கு எரிய ஆரம்பித்தது. முதலில் வளைவுகளில் மட்டும் கண் சிமிட்டியது. பிறகு ஒரேயடியாகச் சிவப்பு. எனக்குத் தெரிந்த வைத்தியம் பார்த்தேன். கைபிரேக்கை இழுத்து விட்டேன், அணையவில்லை. பிரேக்கை மிதித்தேன், கார் நின்றது. அப்படியானால் மோதியதில் ஏதோ ஒயர் கழன்றிருக்கிறது என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். மெக்கானிக்கை எங்கள் பக்கம் போமன் என்போம். போமனிடம் காட்டினால் மோதிய கதை தெரு முழுக்கப் பரவிவிடும் என்று போகவில்லை.

ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவி, மாலை போட்டு, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். மனைவி சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங், கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். எனக்கு மூளை வேலை செய்தது.

"அந்த மீட்டர் மூலையில நல்லா பெருசா ஒண்ணு வையி" என்றேன்.

வைத்தாள். அதன்மேல் குங்குமமும் வைத்தாள். விளக்கு இருந்த சுவடே தெரியவில்லை. எனக்கு அவ்வளவு நிம்மதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு லூமுட்டுக்குக் கிளம்பினேன். அங்கே ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், படகேறிப் பங்கோர் தீவுக்குப் போவதாகத் திட்டம். பிள்ளைகள் கெஞ்சியதால்தான் மாமியார் காரில் ஏறினார். வழியில் ஒரு சந்திப்பில் பிரேக்கை மிதித்தேன், மெத்தென்று உள்ளே போனது. பதறிப்போய் மறுபடி மிதித்ததும் பிடித்துக்கொண்டது. பின்சீட்டிலிருந்து "முருகா!" என்று ஒரு குரல். பசியாறிவிட்டுப் போகலாம் என்று சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினேன்.

ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வந்து காரைக் கிளப்பினேன். எனக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன் வெளியே வர முடியாமல் நின்றிருந்தது. அதை ஓட்டும் அக்கா, நாற்பது வயதிருக்கும், காரை நகர்த்தச் சொல்ல என் ஜன்னலில் குனிந்தார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு மீட்டரையே பார்த்தார். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்பு வழியாகச் சிவப்பு வெளிச்சம்.

"தம்பி, பொட்டுக்குப் பின்னாடி என்னா எரியுது?"

"ஒயர் கோளாறுக்கா. ஒண்ணுமில்ல."

"காடிய எங்கியாச்சும் இடிச்சீங்களா?"

பின்னால் மாமியார். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த அக்கா பார்த்த பார்வையில் பொய் வரவில்லை.

"லேசா" என்றேன்.

இறங்கச் சொல்லி பானெட்டைத் திறந்தார். பிரேக் எண்ணெய் டப்பாவின் அடியில் ஒரு சொட்டுதான் கிடந்தது. தரையில் குந்தி, இடது சக்கரத்துக்குள் கைவிட்டு, ஈர விரலை என் மூக்கருகே நீட்டினார்.

"நசுங்குன மட்கார்டு பிரேக் டியூப்ப உரசிக்கிட்டே இருந்திருக்கு. பிரேக்க மிதிச்சிப் புடிங்க, விடாதீங்க."

மறுபடி ஏறி உட்கார்ந்து மிதித்துப் பிடித்தேன். என் காலடியிலேயே பிரேக் மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. பின்சீட்டில் என் பிள்ளைகள் இருவரும் படகைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இப்படியே போயிருந்தா ஜெட்டில நிக்காம கடலுக்கே போயிருப்பீங்க லா" என்று சிரித்தார். பிறகு அந்தப் பொட்டை நகத்தால் பக்குவமாகச் சுரண்டி, கீழே போடாமல், தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"சாமி காட்டிக்கிட்டுதான் இருந்திருக்கு தம்பி. நீங்கதான் மூடிட்டீங்க."

அன்று அவர் லூமுட்டுக்கு மீன் வாங்கப் போகிறவர். கடையிலிருந்து போன் போட்டுத் தனக்குத் தெரிந்த சீனப் போமனை வரச் சொன்னார். என் குடும்பத்தைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். மாமியார் முன்சீட்டில் மகாராணிபோல உட்கார்ந்து எனக்குக் கையாட்டினார். போமன் மோட்டார் சைக்கிளில் வந்து மட்கார்டை நிமிர்த்தி, டியூப்பை மாற்றி, எண்ணெய் ஊற்றினார். குழாயிலிருந்த காற்று வெளியேறும்வரை என்னை மிதி, பிடி, விடு என்று படாதபாடு படுத்தினார். கடைசியில் விளக்கு தானாகவே அணைந்தது.

நான் ஜெட்டிக்குப் போய்ச் சேர்ந்ததும் மாமியார் சொன்ன முதல் வார்த்தை, "அந்தப் புள்ள ஓட்டுனா பங்கோருக்கே வேன்ல போலாம் போல இருக்கு!" அதற்குள் அந்த அக்கா மீன் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார். பேரைக்கூடக் கேட்டுவைக்கவில்லையே என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

எத்தனையோ ஆயுத பூஜைகள் வந்து போய்விட்டன. எங்கள் வீட்டுக் கார்களில் மீட்டருக்கு மட்டும் பொட்டு கிடையாது. போன மாதம் டாக்டர் எனக்கு ரத்தத்தில் சர்க்கரை என்று எழுதிக்கொடுத்த சீட்டை, யாருக்கும் தெரியாமல் அலமாரியில் துணிக்கடியில் செருகி வைத்தேன். மனைவி அதைக் கண்டெடுத்து என் முன்னால் நீட்டி, "என்னங்க, இதுக்கும் ஒரு பொட்டு வச்சிடலாமா?" என்று கேட்டாள். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தபோது, பேர் தெரியாத அந்த அக்காவை மனதார வாழ்த்திக்கொண்டேன்.