"தண்ணி குடிக்கிறீகளா?"

காலை பத்து நாற்பதுக்குப் பள்ளியிலிருந்து டீச்சர் போன் செய்தார். எல்.கே.ஜி. படிக்கும் என் மகள் தண்ணீர் பாட்டிலை வீசியெறிந்துவிட்டு, சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுகிறாளாம்.

"என்னன்னே தெரியலக்கா. 'தண்ணி குடிக்கிறீகளா'ன்னு எங்கிட்டயே வந்து வந்து நின்னா. நான் குடிச்சிட்டேன்டா தங்கம், வேணாம்னேன். அதுக்குத்தான் இம்புட்டும்."

டாக்டரிடம் காட்டி என்ன பிரச்சினை என்று தெரிந்துகொண்ட பிறகு அனுப்பினால் போதும் என்றார் தலைமை ஆசிரியை. அதற்குப் பிறகும் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் நாற்பதைத் தொடும்போது பிறந்தவள் அவள். அவள் பேச்சில் குறை இருப்பதாக வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. பிள்ளையார்பட்டிக் கோயில் வரிசையில் முன்பின் தெரியாத ஒருவரிடம்கூட, "தண்ணி குடிக்கிறீகளா?" என்று கேட்டாள். அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். என் நாத்தனார், "மதினி, ஒங்களுக்கு இல்லாத மரியாதையெல்லாம் ஒங்க மகளுக்கு இருக்கு" என்று சிரித்தாள்.

குழந்தை டாக்டர் முதலில் காதைச் சோதிக்கச் சொன்னார். காது நன்றாகக் கேட்டது. பிறகு பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார்.

அந்தப் பெண் கேள்வி எதுவும் கேட்கவில்லை. பாயில் உட்கார்ந்து, டப்பாவில் பிஸ்கட்டைப் போட்டு மூடியை இறுக்கி வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். என் மகள் டப்பாவை அவர் மடியில் வைத்தாள்.

"பிஸ்கட்டு சாப்பிடுறீகளா?"

இவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து மூடியின் மேல் அழுத்தினாள். அவர் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவர் திறந்ததும் அள்ளித் தின்றாள்.

"வீட்ல இப்படி யாரு கேப்பீங்க?"

"நான்தான் மேடம். வீட்டுக்கு வர்றவுககிட்ட."

"பாப்பா அத அப்படியே திருப்பிச் சொல்றாங்க. பாப்பாவப் பொறுத்தவரைக்கும் அதுக்கு அர்த்தம், 'எனக்கு வேணும்'."

பாயின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்படியானால் கோயில் வரிசையில் என் பிள்ளைக்குத் தாகம்.

"இது ஆட்டிசமா மேடம்?"

"ஒருநாள் பாத்துட்டுப் பேர் சொல்ல மாட்டேன்மா. பேச்சு மட்டும் பின்தங்கியிருக்கலாம். மத்தவங்களோட பேசிப் பழகுறதுல சிரமம் இருக்கலாம். ஒரே விளையாட்டையே திரும்பத் திரும்ப விளையாடுறாங்களா, மத்த பிள்ளைகளோட சேர்றாங்களான்னும் பாக்கணும். டாக்டரும் நானும் சேந்துதான் முடிவு பண்ணுவோம். ஸ்கூல்ல எப்படி இருக்காங்கன்னு பாத்தவங்க யாராவது சொன்னா நல்லது."

தயங்கித் தயங்கி டீச்சருக்குப் போன் செய்து, ஒருமுறை வந்து சொல்ல முடியுமா என்று கேட்டேன். "பாக்குறேங்க்கா" என்று மட்டும் சொன்னார். வரமாட்டார் என்றே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை போனபோது, இவள் பிறந்த பிறகு முதன்முதலாக எப்போது சிரித்தாள், எதையாவது விரலால் சுட்டிக் காட்டினாளா என்று பயிற்சியாளர் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது கதவு திறந்தது. வியர்வையோடு, கையில் ஹெல்மெட்டோடு டீச்சர் நின்றார்.

"பெரிய டீச்சர்கிட்ட பேசிட்டேங்க்கா, திங்கக்கிழமை ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வாங்க" என்று என்னிடம் சொன்னவர், பயிற்சியாளர் பக்கம் திரும்பினார். "இவ எதுக்கு என்ன சொல்லுவான்னு எனக்குச் சொல்லிக் குடுங்க மேடம்."