நான் வாசிக்காத முடிவு

கல்முனையில் சின்னதாக ஒரு புத்தகக் கடை வைத்திருக்கிறேன். வருடக் கடைசியில், வாசிக்க வேண்டிய பத்துப் புத்தகங்களைக் கையால் எழுதி வாசல் கண்ணாடியில் ஒட்டுவது என் வழக்கம். போன டிசம்பரில் ஒரு நாவலுக்கு நேரே, ‘முடிவை வாசித்து அழுதுவிட்டேன்’ என்று எழுதினேன். உண்மையில் நான் வாசித்தது அதன் பின்னட்டையை மட்டும்தான்.

ஒரு மழை நாளில், காரைதீவு டீச்சர் ஒருவர் அந்த நாவலோடு வந்தார். என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

“காக்கா, இதில கடைசிப் பக்கங்கள் இல்ல. வேற ஒண்டு தாங்க. நீங்க அழுத இடத்த நானும் வாசிக்கணும்.”

“அச்சுப் பிழையாக்கும் டீச்சர்” என்று தட்டிலிருந்து ஒன்றை எடுத்து விரித்தேன். அதிலும் இல்லை. மிச்சமிருந்த நான்கையும் புரட்டினேன். எல்லாம் ஒரே இடத்தில், பாதி வசனத்தோடு நின்றன.

“அப்ப நீங்க எத வாசிச்சி அழுதீங்க?”

வாசலில் முழங்காலளவு தண்ணீர். அவரும் போக முடியாது, நானும் போக முடியாது. அவருக்குப் பின்னால் கண்ணாடியில் என் கையெழுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“நான் வாசிக்கல்ல டீச்சர்.”

அவர் ஏசவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

“மழ விடுமட்டும் இருக்கன். முதல் பக்கத்திலருந்து வாசிங்க.”

வாசித்தேன். தலை நிமிரவே இல்லை.

என் சொல்லை நம்பி அந்த நாவலைப் பதினொரு பேர் வாங்கியிருந்தார்கள். முடிவைக் காணோமென்று கேட்டு வந்தவர் அவர் மட்டும்தான். மற்றப் பத்துப் பேரில் ஒருவராவது வந்து என் பொய்யைப் பிடிக்க மாட்டாரா என்று இன்றும் வாசலைப் பார்க்கிறேன்.